மாணவ ஆலோசகர்களின் மேற்பார்வை குறித்து உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். சமூக உளவள ஆலோசனை மையம் ஒன்றில் பயிற்சி பெறும் ஆறு மாணவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. வாரந்தோறும் ஒவ்வொருவருடனும் ஒரு மணி நேரம் பேசுகிறேன்; ஆனால் ஆலோசனை பெற வருபவருடனான அவர்களின் அமர்வில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அவர்களின் நினைவிலிருந்து மட்டுமே அறிய முடிகிறது. தடுமாறிய இடங்களும், எதிரில் இருப்பவரின் அழுகையைத் தாங்க முடியாமல் அவசரமாக அறிவுரைக்குத் தாவிய நொடிகளும் அந்த விவரிப்பில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. மதிப்பெண் இடுபவரும் நானே என்பதால், அவர்களின் தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தினார். அவ்வழியைப் பின்பற்ற விரும்புகிறேன். எனினும், மறுத்தால் ஆலோசனை கிடைக்காதோ என்ற அச்சத்தில் எவரும் சம்மதித்துவிடக் கூடாது என்பதே என் பெருங்கவலை. இந்த ஒப்புதலை நீங்கள் எந்தச் சொற்களில், யார் மூலம் கேட்கிறீர்கள்? பதிவுகளை எப்போது அழிக்கிறீர்கள்?

மேலும், தற்கொலை எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தினால் மாணவர் உடனே மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வந்தவரைத் தனியே விடாமலும், அவர் பேச்சைத் துண்டித்ததாக உணராமலும் இதைச் செய்யும் நடைமுறை உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து விரிவாக எழுதுங்கள்.