பரவுதிறனா, பரப்புதிறனா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> ரெசிஸ்டன்ஸ், டாலரன்ஸ் இரண்டுக்கும் 'நோய் எதிர்ப்புத்திறன்' போதாதா? மாட்டு மருத்துவக் கட்டுரைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு?

ஐயா மன்னிக்கணும், இங்கேதான் அந்த நுணுக்கம் வேண்டும். நாம் மொழிபெயர்க்கும் கட்டுரை, எந்தக் காளையின் சினை ஊசி போட்டால் பிறக்கும் கன்றுகளுக்குத் தொற்றுநோய் குறையும் என்பதைப் பற்றியது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் படிக்கிறவர் தப்பான காளையைத்தான் தேர்ந்தெடுப்பார்.

பெங்களூரு எலகங்காவைத் தாண்டி நான் பால் வாங்கும் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு கலப்பின மாடுகள். வைத்திருப்பவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். போன மாதம் ஒருநாள் சலவைத் தூளைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் நாலு பீச்சு பாலைத் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, கரைசலை ஊற்றிச் சுழற்றிப் பார்த்தார். ஒரு மாட்டின் பால் மட்டும் சளி மாதிரி திரண்டு கிண்ணத்தோடு வழுக்கியது. மறைந்திருக்கும் மடிநோய். அந்த மாட்டுக்கோ மடியில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, பிண்ணாக்குத் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றது. அதைக் கறந்த கையைக் கழுவாமல் அடுத்ததைக் கறந்தால் கிருமி அங்கே போய்விடும். "இது தாங்குற மாடுங்க. ஆனா இதால மத்ததுக்கு வரும். சீக்கு அண்டாத மாடு வேற" என்றார். நாம் ஒரு வாரமாக அடித்துக்கொள்வதை மனுஷன் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அண்டாதது எதிர்ப்புத்திறன், அதாவது ரெசிஸ்டன்ஸ்: கிருமியை உள்ளே விடுவதில்லை, விட்டாலும் பெருகவிடுவதில்லை. பிரிட்டனில் 2016-லிருந்து காளைகளுக்கு மாட்டுக் காசநோய் மதிப்பெண் ஒன்று போடுகிறார்கள். காளையின் மகள்களும் உறவு மாடுகளும் அந்த நோயில் எவ்வளவு சிக்கின என்ற பதிவேட்டிலிருந்து வரும் கணக்கு அது. நார்வேக்காரர்கள் 1978-லேயே மடிநோயைக் காளைத் தேர்வில் சேர்த்துவிட்டார்கள்.

தாங்குதிறன், அதாவது டாலரன்ஸ், வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் ந்டாமா மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செட்சி ஈ கடித்து டிரிபனசோம் ஒட்டுண்ணி இரத்தத்தில் ஏறியும், மற்ற இனங்கள் சோகை பிடித்துச் சாகும் இடத்தில் இது கன்று ஈன்று பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் ஒட்டுண்ணி இருக்கிறவரை, அதைக் கடித்த ஈ அடுத்த மாட்டுக்கும் கொண்டுபோகலாம். மாட்டுக்காரருக்குத் தாங்குதிறன் வரம், பக்கத்துக் கொட்டகைக்காரருக்கு அப்படி இல்லை.

அப்புறம் மூன்றாவது சொல், என் உண்மையான சண்டை அதில்தான். நம் கலைச்சொல் பட்டியலில் இன்ஃபெக்டிவிட்டிக்கு 'தொற்றுத்திறன்' என்று இருக்கிறது. யாருடைய திறன்? கிருமியினுடையதா, மாட்டினுடையதா? ஒரே கிருமி பிடித்த இரண்டு மாடுகளில் ஒன்று கொட்டகை முழுக்க இறைக்கும், இன்னொன்று அவ்வளவாக இறைக்காது. இதிலும் மரபுக்குப் பங்கு இருக்கலாம் என்பதே கட்டுரையின் மைய வாதம். நோயுற்ற ஒரு மாட்டிலிருந்து சராசரியாக எத்தனை மாட்டுக்குத் தொற்றுகிறது என்ற எண் 1-க்குக் கீழே இறங்கினால் நோய் தானாக அணையும். அதற்கு எல்லா மாடும் அண்டாத மாடாக இருக்க வேண்டியதில்லை, இறைக்கிற மாடு குறைந்தாலும் போதும். சிக்கல் என்னவென்றால், இந்த மாட்டின் மரபணு செய்கிற வேலை பக்கத்து மாட்டின் உடம்பில்தான் தெரியும். அதனால்தான் அளப்பது கஷ்டம்.

இதற்குத் தமிழில் தன்வினையும் பிறவினையும் கைகொடுக்கும்போது ஏன் விட வேண்டும்? நோய் பரவுகிறது, மாடு பரப்புகிறது. ஆகவே கிருமிக்குப் பரவுதிறன், மாட்டுக்குப் பரப்புதிறன். முன்பு ஒருவர் சொன்ன 'ஒட்டுவாரொட்டித்திறன்' எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் இரண்டு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். சஸெப்டிபிலிட்டிக்கு, அதாவது நோய் எளிதில் பிடிக்கும் தன்மைக்கு, 'ஏற்புத்தன்மை' என்பது ஏதோ விருது வாங்கப் போவதுபோல இருக்கிறது. இருக்கட்டும், அதற்குச் சண்டை போட மாட்டேன்.

— எலகங்காவிலிருந்து

தம்பி,

தாங்குதிறனுக்கு நான் இறங்கி வருகிறேன். கொட்டகைக்காரர் சொன்னபிறகு நான் என்ன பேச! ஆனால் 'பரப்பு' என்றதும் எனக்குச் சதுர அடிதான் ஞாபகம் வருகிறது. நிலப்பரப்பு, கடற்பரப்பு, மேற்பரப்பு. 'மாட்டின் பரப்புதிறன்' என்று படித்தால் மாடு எத்தனை அடி இடத்தை அடைக்கும் என்று கேட்பார்கள். பெங்களூரு வாடகைக்கு அதுவும் நியாயமான கேள்விதான்.

— அல்சூரிலிருந்து

ஐயா,

சரியான பிடி. இப்படிச் செய்யலாமா: பரப்பும் திறன், சேர்த்தால் பரப்புந்திறன். 'உம்' வந்துவிட்டால் அது வினை, சதுர அடிக்கு இடமில்லை. அதற்கு இணையாகக் கிருமிக்கும் பரவுந்திறன் என்றே வைத்துக்கொள்வோம். மாடு சொல்லிக்கொண்டா பரப்புகிறது என்று யாராவது கேட்டால், அம்மை கண்டவரும் அப்படித்தானே என்று பதில் சொல்லலாம்.

பட்டியலில் மாற்றிவிட்டேன். சீக்கிலிருந்து சீக்கிரம் மீளும் மாட்டுக்கு ஒரு சொல் இன்னும் பாக்கி. 'உடம்பு தேறிடுச்சு' என்கிறோமே, அதிலிருந்து 'தேறுதிறன்' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

— எலகங்காவிலிருந்து