அப்பாவின் இதய மருந்துகள்: எழுந்தால் தலைசுற்றல், பயண நாளில் நீர் மாத்திரை வேண்டாம் என்கிறார்

தக்கலை மகள்:

வணக்கம். என் அப்பாவுக்கு 76 வயது. இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும் திறன் குறைந்துவிட்டது என்று திருவனந்தபுரத்தில் உள்நோயாளியாக வைத்திருந்து, புதிய மருந்துச் சீட்டுடன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சக்குபிட்ரில்–வால்சார்ட்டன் காலையும் இரவும், மெட்டோப்ரோலால், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், நீர் பிரிவதற்கு ஃபுரோசமைடு என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு முன்பு அப்பா பல வருடங்களாக எனலாப்ரில் சாப்பிட்டு வந்தார். புதிய சீட்டில் அதன் பெயர் இல்லை. நிறுத்துங்கள் என்றும் எழுதப்படவில்லை. "அது என் பிரஷர் மாத்திரை" என்று சொல்லி, சில நாள் அதையும் எடுத்துக்கொள்கிறார்.

விடியற்காலையில் கட்டிலை விட்டு எழுந்தவுடன் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நாகர்கோவிலுக்கோ ஒரு கல்யாண வீட்டுக்கோ போகவேண்டிய நாளில் நீர் மாத்திரையைத் தொடுவதே இல்லை. வற்புறுத்தினால், "பஸ்ஸுல போவும்போ முட்டிச்சுன்னா நான் எங்க போய் எறங்குவேன் மக்ளே" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் அட்டையும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மார்த்தாண்டம் மருந்தாளுநர்:

சகோதரி, தலைசுற்றலுக்கு முன் எனலாப்ரிலைப் பாருங்கள், அதுதான் அவசரம். எனலாப்ரிலும் சக்குபிட்ரிலும் ஒரே உடம்பில் சேரவே கூடாது. சேர்ந்தால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சுப்பாதை அடைபடும் அபாயம் உண்டு. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்குவதற்கு இடையே 36 மணி நேரம் விடவேண்டும் என்பது விதி. ஆகவே அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, கடைசியாக எனலாப்ரில் எப்போது உள்ளே போனது என்பதைச் சொல்லிக் கேளுங்கள். முகத்திலோ நாக்கிலோ வீக்கம் தெரிந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள். பழைய அட்டைகளை டப்பாவிலிருந்து மட்டுமல்ல, வீட்டிலிருந்தே அப்புறப்படுத்திவிடுங்கள்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், சிறுநீரகத்துக்கும் பாரம். ஒரு பக்கம் நீர் மாத்திரை வெளியேற்றுவதை மறுபக்கம் இது பிடித்து நிறுத்திவிடும். "கால் வலிக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வரும் பெரியவர்களிடம், இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்ட பிறகே நான் எதையும் எடுத்துக் கொடுப்பேன். வலிக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். வைத்தியசாலைக் கஷாயம் ஏதும் குடிப்பவராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதிமதுரம் சேர்ந்தவை உப்பைத் தேக்கும்.

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்:

இந்த மருந்துகளில் பல இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. எனவே எழுந்தவுடன் தலைசுற்றுவது பலருக்கும் நேர்வதுதான். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உட்கார்ந்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை என்று அழுத்தத்தைப் பார்த்து, நேரத்துடன் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். "தலை சுத்துது" என்ற வார்த்தையைவிட அந்த இரண்டு எண்களே மருத்துவருக்கு உதவும். அவற்றைப் பார்த்து அளவைக் குறைக்கலாம், அல்லது எல்லாம் ஒரே வேளையில் விழாதபடி பிரித்துக் கொடுக்கலாம். காலையில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்த பிறகே எழச் சொல்லுங்கள்.

நீர் மாத்திரையைப் பற்றி அப்பாவோடு சண்டை வேண்டாம். பயண நாளில் அதை விட்டுவிடுவதைவிட, வீடு திரும்பியதும் மதியம் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மாலையில் வெகுநேரம் கழித்துக் கொடுத்தால் இரவெல்லாம் எழவேண்டியிருக்கும். இருட்டில் தலைசுற்றி விழுந்துவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், கஞ்சி குடிப்பதற்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, படுக்கக் கூடுதலாக ஒரு தலையணை கேட்டாலோ, அன்றே பேசிவிடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து நாக்கு வறண்டு தலையும் சுற்றினால், நீர் அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள், அதையும் சொல்லவேண்டும்.

குளச்சல் மருமகள்:

என் மாமியாருக்கும் இதே நோய்தான். எங்கள் பக்கத்தில் கருவாடும் உப்புமாங்காயும் பப்படமும் இல்லாமல் கஞ்சி இறங்காது. உப்பு மறைந்திருப்பது அங்கேதான். அதைவிட நான் கவலைப்படுவது இளநீரைப் பற்றி. ஸ்பைரனோலாக்டோனும் வால்சார்ட்டனும் உடலில் பொட்டாசியத்தை உயர்த்துபவை. இளநீரிலும் ஏத்தன்பழத்திலும் (நேந்திரம்பழம்) பொட்டாசியம் மிகுதி. வெயில் நாளில் வீட்டுத் தென்னையிலிருந்து வெட்டி அன்போடு கொடுப்பதைத் தடுக்க மனம் வராது. ஆனாலும் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரண்டுக்கும் இரத்தம் பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவோடு கொடுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பவற்றில் பொட்டாசியம்தான் சேர்க்கப்பட்டிருக்கும். அது வேண்டவே வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளில் டாபாகிளிஃப்ளோசினையும் நீர் மாத்திரையையும் கொடுக்கலாமா என்று கேட்ட பிறகே கொடுங்கள்.

இன்னொன்று. ஸ்பைரனோலாக்டோனால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும். மகளிடம் சொல்லக் கூசி, மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். மாற்று மருந்து உண்டு என்பதால் யாராவது ஆண்களை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

தக்கலை மகள்:

அனைவருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனையில் பேசிவிட்டேன். எனலாப்ரில் இனிக் கூடவே கூடாது என்றும், கடைசியாக அதைச் சாப்பிட்ட நேரத்திலிருந்து 36 மணி நேரம் கழித்தே சக்குபிட்ரிலைத் தொடரவேண்டும் என்றும் சொன்னார்கள். அதுவரை வீக்கம் ஏதும் வருகிறதா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயண நாளில் நீர் மாத்திரையை மதியம் மூன்று மணிக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதும், அப்பா மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தந்திருக்கிறார்கள். மாத்திரையால் மார்பு வீங்கி வலிக்கிறதா என்று தம்பியை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.