பழைய ஆண்ட்ராய்டிலிருந்து புது போனுக்கு: பாஸ்வேர்டு, யூபிஐ, வாட்ஸ்அப், எதை முதலில் மாற்றுவது?

வைகறை_84 (கேள்வி)

வணக்கம். பழைய போன் ஆண்ட்ராய்டு 12, 128 ஜிபி. அதில் 90 ஜிபி நிரம்பியிருக்கிறது. புதியது சாம்சங் கேலக்ஸி, 256 ஜிபி, இன்னும் ஆன் செய்யவில்லை. பழைய போன் திரையின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு டச் எடுப்பதில்லை. மற்றபடி ஓடுகிறது.

மாற்ற வேண்டியவை: க்ரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள், கூகுள் ஆத்தென்டிகேட்டரில் (உள்நுழைய மாறிக்கொண்டே இருக்கும் ஆறு இலக்கக் குறியீடு தரும் ஆப்) 14 கணக்குகள், வாட்ஸ்அப் (சுமார் 20 ஜிபி, பெரும்பாலும் படங்கள்), இரண்டு யூபிஐ ஆப், இரண்டு வங்கி ஆப், எம்-ஆதார், தொடர்புகள், படங்கள். அதே நாளில் சிம்மையும் இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) மாற்றிவிடலாம் என்று எண்ணம். எந்த வரிசையில் செய்வது? எவையெல்லாம் தானாக வராது?

கம்பிவடம்

முதல்ல ஒண்ணு: இ-சிம் வேலையை அன்னைக்கு வெச்சுக்காதீங்க. சிம் மாத்தினாலும் சரி, இருக்கிற எண்ணை இ-சிம்மா மாத்தினாலும் சரி, தொலைத்தொடர்புத் துறை விதிப்படி அந்த எண்ணுக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. திருட்டு சிம் எடுத்து கணக்கைக் காலி பண்றதைத் தடுக்கத்தான் அந்த விதி, நல்ல விதிதான். ஆனா நீங்க போன் மாத்துற அதே நாள்ல இது நடந்தா வங்கி ஓடிபி வராது, யூபிஐ பதிவுக்கான எஸ்எம்எஸ்ஸும் போகாது. பழைய போன்லயும் இல்லை, புதுசுலயும் இல்லைன்னு நடுவுல நிப்பீங்க. இப்ப இருக்கிற பிளாஸ்டிக் சிம்மைக் கழட்டி புது போன்ல போடுறது சிம் மாற்றம் ஆகாது, அதுக்கு இந்தத் தடை கிடையாது. எல்லாம் புது போன்ல நல்லா ஓடி ஒரு வாரம் ஆனப்புறம் இ-சிம்முக்குப் போங்க.

வரிசை இப்படி வெச்சுக்கங்க: சிம் பழைய போன்லயே இருக்கட்டும். தரவு, பாஸ்வேர்டு, ஆத்தென்டிகேட்டர், வாட்ஸ்அப் எல்லாம் முடிச்சு, கடைசியாத்தான் சிம்மை மாத்தணும். அதுக்கப்புறம் யூபிஐ, வங்கி ஆப். ஓடிபி கேட்டா பழைய போனைப் பார்த்து புதுசுல தட்டினாப் போதும், வாட்ஸ்அப் பதிவுக்கும் இதே மாதிரிதான். சிம் இருக்கிற போன்லயே உட்கார்ந்து தானா எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கிறது யூபிஐயும் வங்கி ஆப்பும்தான்.

சிம்மைக் கழட்டுறதுக்கு முன்னாடி யூபிஐ ஆப்ல யூபிஐ லைட் (பின் அடிக்காம சின்னத் தொகை கட்டுற வசதி) வெச்சிருக்கீங்களான்னு பாருங்க. லைட்ல இருக்கிற பணம் அந்தப் போனோட கட்டிப்போட்டது, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரைக்கும் இருக்கலாம். லைட்டை மூடினா மிச்சம் வங்கிக் கணக்குக்கே திரும்பிடும். மூடாம போனை அழிச்சா அந்தப் பணத்துக்காக வாடிக்கையாளர் சேவையில காத்திருக்கணும்.

புது போன்ல யூபிஐ பதிவு தோத்துப்போறதுக்கு வழக்கமான காரணங்கள்: ரீசார்ஜ் முடிஞ்சு வெளியே போற எஸ்எம்எஸ் நின்னிருக்கும், இல்லேன்னா வெறும் டேட்டா பேக் மட்டும் இருக்கும். ரெண்டு சிம் இருந்தா ஆப்ல வங்கியில் பதிஞ்ச எண்ணைத் தேர்ந்தெடுத்தும், எஸ்எம்எஸ்ஸுக்கான சிம் இன்னொண்ணா அமைஞ்சிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு இன்னொரு சிம்மை செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணி வைங்க. விபிஎன் இருந்தா அதையும் நிறுத்துங்க.

யூபிஐ பின் வங்கிக் கணக்கைச் சேர்ந்தது, போனைச் சேர்ந்தது இல்லை. பழைய பின்னே வேலை செய்யும், "புது பின் உருவாக்கு"ன்னு போக வேண்டாம். போன் மாத்தின முதல் 24 மணி நேரத்துக்கு பொதுவா 5,000 ரூபாய்க்கு மேல அனுப்ப விட மாட்டாங்க. வாடகை, கல்விக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தா முன்னாடி நாளே பழைய போன்ல கட்டிடுங்க.

நிலைமின்

கம்பிவடம் சொன்ன வரிசை சரி. பாஸ்வேர்டு, ஆத்தென்டிகேட்டர் இரண்டையும் பற்றி நான் எழுதுகிறேன். போனே கைவிட்டுப் போனாலும் படங்களில் பாதி கூகுளில் இருக்கும். இந்த இரண்டும் போனால் மீட்பது பெரும்பாடு.

க்ரோம் பாஸ்வேர்டுகள் "தானாக வந்துவிடும்" என்று நம்பி உட்காராதீர்கள். கூகுள் கணக்கில் சேமித்தவை மட்டும்தான் வரும். க்ரோமில் ஒத்திசைவு அணைந்திருந்த காலத்தில் சேமித்தவை அந்தப் போனுக்குள்ளேயே தங்கியிருக்கும். வேறொரு கணினியில் பாஸ்வேர்ட்ஸ்.கூகுள்.காம் திறந்து, வங்கி, மின்வாரியம், ரயில் முன்பதிவு என்று உங்களுக்கு முக்கியமான ஐந்தாறு தளங்களின் பெயரைத் தேடுங்கள். அங்கே இருந்தால் புது போனில் வரும். இல்லையென்றால் பழைய போனில் க்ரோம் > செட்டிங்ஸ் > கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் அது "இந்தச் சாதனத்தில் மட்டும்" என்று கிடக்கிறதா பாருங்கள். அங்கிருந்தே கணக்குக்கு நகர்த்தலாம்.

சிலர் ஏற்றுமதி செய்து சிஎஸ்வி கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கோப்பில் பூட்டு எதுவும் கிடையாது. திறந்தால் தளம், பயனர்பெயர், பாஸ்வேர்டு மூன்றும் அப்படியே வாசிக்கக் கிடைக்கும். வேறொரு பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாறுகிறவர் தவிர மற்றவருக்கு இது தேவையே இல்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள்.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் திரைப்பூட்டைக் கொண்டே நுழையும் முறை) வைத்திருக்கிறீர்களா? கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கும் பாஸ்கீகள் புது போனுக்கு வரும். ஆனால் அவற்றைத் திறக்கப் பழைய போனின் திரைப்பூட்டுப் பின்னையோ பேட்டர்னையோ கேட்கும். விரல்ரேகையிலேயே பழகி அந்தப் பின்னை மறந்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். தவறாக முயல்வதற்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. இன்றே ஒருமுறை பழைய போனை விரல் வைக்காமல் பின் அடித்துத் திறந்து பாருங்கள்.

ஆத்தென்டிகேட்டர்: 2023 ஏப்ரல் முதல் அதைக் கூகுள் கணக்கோடு இணைக்கும் வசதி இருக்கிறது. ஆப்பின் மேல்பக்கம் மேகக் குறி பச்சையாக இருந்தால் கணக்குகள் ஏற்கெனவே மேலே போய்விட்டன. புது போனில் அதே கணக்கில் நுழைந்தால் போதும். கணக்கோடு இணைக்க விருப்பமில்லையென்றால் மூன்று கோடு > ட்ரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ் > எக்ஸ்போர்ட். ஒரு கியூஆரில் 10 கணக்குகள் வரைதான் அடங்கும். உங்களுக்கு 14 என்பதால் இரண்டு கியூஆர் காட்டும். முதலாவதை ஸ்கேன் செய்துவிட்டு முடிந்தது என்று மூடினால் கடைசி நான்கு கணக்குகள் விட்டுப்போகும், "நெக்ஸ்ட்" அழுத்தி இரண்டாவதையும் எடுக்க வேண்டும்.

இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கணக்காகப் பாருங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே ஆறு இலக்கம் வர வேண்டும், 30 நொடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். இலக்கம் வேறாக வந்தால் ஏதோ ஒரு போனின் கடிகாரம் தவறு. தேதி-நேரத்தைத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள். சரியாக இருந்தாலும் பழைய போனிலிருந்து உடனே நீக்க வேண்டாம். மின்னஞ்சல் போன்ற முக்கியமான ஒன்றிரண்டு தளங்களில் வெளியேறி, புது போனின் இலக்கத்தைக் கொண்டே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

இன்னொன்று. கூகுள் கணக்கிலேயே இருபடிச் சரிபார்ப்பு இருந்தால் புது போனில் நுழையும்போது "நீங்கள்தானா?" என்ற கேள்வி பழைய போனுக்குத்தான் வரும். அதன் டச் எந்த நேரமும் முழுக்கப் போகலாம் என்பதால் கூகுள் கணக்கு > பாதுகாப்பு > பேக்கப் கோட்ஸ் போய் 10 குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும்.

வைகறை_84

மிக்க நன்றி இருவருக்கும். இ-சிம் விஷயம் தெரியவே தெரியாது. தள்ளிப்போடுகிறேன். வாட்ஸ்அப்பின் 20 ஜிபியை கூகுள் டிரைவ் வழியாகக் கொண்டுபோக இடம் இல்லை (15 ஜிபி இலவசக் கணக்கு). ஸ்மார்ட் ஸ்விட்ச் (சாம்சங்கின் தரவு மாற்றும் ஆப்) அதையும் கொண்டு வருமா? அடிப்பக்க டச் இல்லாமல் "ஓகே" பொத்தான்களை எப்படி அழுத்துவது?

ஒலிச்சேறு

வாட்ஸ்அப்பை ஸ்மார்ட் ஸ்விட்சிடம் விடாதீர்கள். ஆப் புதிதாக இறங்கும், உரையாடல் வராது. வாட்ஸ்அப்புக்குள்ளேயே 2023-லிருந்து நேரடி மாற்றம் இருக்கிறது. டிரைவே வேண்டாம், இணையத்தில் ஏறி இறங்குவதும் இல்லை. இரண்டு போன்களும் வைஃபை மூலம் நேரடியாகப் பேசிக்கொள்ளும்.

பழைய போனில் செட்டிங்ஸ் > சாட்ஸ் > ட்ரான்ஸ்ஃபர் சாட்ஸ் > ஸ்டார்ட். அந்தத் திரையை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு புது போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைப் போட்டு, ஓடிபியைப் பழைய போனில் பார்த்து அடியுங்கள். பழைய போனிலிருந்து மாற்றவா என்று கேட்கும்போது ஸ்டார்ட் கொடுத்தால் புது போனில் கியூஆர் வரும், அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். லொகேஷனை மறந்தால் போன்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சார்ஜரில் போட்டு, திரை அணையாமல் வையுங்கள். பேட்டரி சேமிப்பு முறை ஆனில் இருந்தால் நடுவில் அறுந்துபோகும்.

அவசரத்தில் "ஸ்கிப்" தட்டாதீர்கள். தட்டிவிட்டால் வெறும் வாட்ஸ்அப் திறக்கும், பிறகு மீட்கும் கேள்வி வராது, நீக்கி மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். டிரைவ் பேக்கப் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னும் பெரிய ஆபத்து: காலி வாட்ஸ்அப் இரவில் தானாகப் பேக்கப் எடுத்து, நல்ல பேக்கப்பின் மேலேயே எழுதிவிடும். ஸ்கிப் ஆகிவிட்டால் வேறு எதையும் தொடாமல் அப்போதே நீக்கிவிடுங்கள். இருபடிப் பின் (ஆறு இலக்கம்) போட்டிருந்தால் அதையும் இன்றே சரிபாருங்கள். மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

டச்: பழைய போனுக்கு ஒரு ஓடிஜி இணைப்பானும் (போனின் சார்ஜ் துளையில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவுவது) சாதாரண யூஎஸ்பி மவுஸும் போதும். செருகியதும் திரையில் அம்புக்குறி வரும், அடிப்பக்கப் பொத்தான்களையும் கிளிக் செய்யலாம். ஆனால் கேபிளும் மவுஸும் ஒரே துளைக்குப் போட்டியிடும், அதனால் கேபிள் வழியாகத் தரவு மாற்றும்போது திரையைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ சுழற்றி அந்தப் பகுதியைத் தவிருங்கள், அல்லது புளூடூத் மவுஸை முன்பே இணைத்து வையுங்கள்.

ஸ்மார்ட் ஸ்விட்சா, புது போனை முதல்முறை ஆன் செய்யும்போது வரும் கூகுளின் செட்டப் வழியா என்றால், முதலில் செட்டப்பிலேயே கேபிள் வழியாக ஆப், எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், படங்கள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். விட்டுப்போனதைப் பிறகு ஸ்மார்ட் ஸ்விட்சில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதுதான் அதன் வசதி. கேபிள் விஷயத்தில் கவனம்: இயர்பட்ஸ், மேசை விளக்கு இவற்றோடு வரும் பல டைப்-சி கேபிள்களில் சார்ஜ் கம்பி மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பியே இருக்காது. போன் சார்ஜ் ஆகும், ஆனால் புது போன் "கேபிளை இணைக்கவும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கணினியில் செருகினால் கோப்புகள் தெரிகிற கேபிளாகப் பார்த்து எடுங்கள். 90 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும்.

நிலைமின்

சாம்சங் என்பதால் ஒரு சேர்க்கை. புது போனில் முதல்முறை எங்காவது நுழையும்போது சாம்சங் பாஸில் (சாம்சங்கின் சொந்தப் பாஸ்வேர்டு மேனேஜர்) சேமிக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் அன்றிலிருந்து புதிய பாஸ்வேர்டுகள் ஓரிடத்திலும் பழையவை கூகுளிலும் சிதறும். செட்டிங்ஸ் > ஜெனரல் மேனேஜ்மென்ட் உள்ளே பாஸ்வேர்டு, ஆட்டோஃபில் பகுதியில் கூகுளை முதன்மையாக்கிவிடுங்கள்.

தானாக வராதவை: டெலிகிராம் ரகசிய உரையாடல்கள் (மற்றவை வரும்), கூகுள் ஃபோட்டோஸின் லாக்டு ஃபோல்டரில் பேக்கப் ஆகாத படங்கள், போன் நினைவகத்தில் மட்டும் சேமித்த தொடர்புகள். கடைசியானதற்கு கான்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு விசிஎஃப் கோப்பு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. எம்-ஆதாரில் சுயவிவரம் ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் இயங்கும், புதியதில் ஓடிபி போட்டுப் பதிந்தால் பழையதில் தானாகச் செயலிழக்கும்.

கம்பிவடம்

பழைய போனை ரெண்டு வாரமாவது அழிக்காம வைங்க. மாசத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கிற ஆப் எதுன்னு அப்பத்தான் நினைவுக்கு வரும். அழிக்கிற நாள்ல முதல்ல செட்டிங்ஸ் > அக்கவுன்ட்ஸ் போய் கூகுள் கணக்கை நீக்கிட்டு, அப்புறம் செட்டிங்ஸ் வழியாவே ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க. பவர்-வால்யூம் பட்டன் அழுத்தி ரெக்கவரில போய் அழிச்சா, வாங்குறவர் ஆன் பண்ணும்போது உங்க பழைய கூகுள் கணக்கைத்தான் கேட்கும், போன் பூட்டியே கிடக்கும். மெமரி கார்டு இருந்தா கழட்டிக்கங்க. கடைசியா புது போன்ல கூகுள் கணக்கு > பாதுகாப்பு > உங்கள் சாதனங்கள் போய் பழைய போன் இன்னும் பட்டியல்ல இருந்தா வெளியேற்றிடுங்க.