வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனமும் அப்பாவின் மரணமும்

குலசேகரம்_வாசகன் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் குலசேகரத்துக்கு அருகே ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில், பன்னிரண்டு மணிக்கு ஆலய மணி அடித்து ஓய்ந்ததும், வாக்குத்தத்த வசனங்கள் (கர்த்தர் தரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும் வேத வசனங்கள்) அச்சிட்ட அட்டைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஜெபித்து ஓர் அட்டையை எடுப்போம். சென்ற முறை அம்மாவுக்குக் கிடைத்தது சங்கீதம் 118:17, "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற வசனம்.

நாற்பது ஆண்டுகளாக ரப்பர் பால் வெட்டிய என் அப்பா அப்போது கல்லீரல் நோயால் படுத்திருந்தார். அந்த வசனம் அப்பாவுக்காகவே வந்தது என்று நம்பி, அம்மா அட்டையைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினார். வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்த வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரும் அதைப் பார்த்துவிட்டு, "இது இந்த வீட்டுக்குக் கர்த்தர் கொடுத்த உறுதி, இவர் மரிப்பதில்லை" என்று சத்தமாக அறிக்கை செய்தார். ஆகஸ்டில் அப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுவாரம் அதே பிரசங்கியார் வந்து, வசனம் கையில் கிடைத்த பிறகும் மருத்துவமனைக்கு ஓடியது அவிசுவாசம் என்றும், அதனால்தான் வாக்குத்தத்தம் நிறைவேறவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா, தன் விசுவாசக் குறைவே அப்பாவைக் கொன்றது என்று நினைக்கிறார். வேதாகமத்தைத் திறக்கிறார், ஆனால் வாசிப்பதில்லை.

அம்மாவிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? இந்த ஆண்டு சபைக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். அட்டை எடுக்கும் வழக்கத்தையே நிறுத்தும்படி கேட்பது சரியாக இருக்குமா?

நெய்யூர்_ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன். நான் முப்பது ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் கற்பித்தவன்; போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்திருக்கிறேன். அந்தப் பிரசங்கியார் 17ஆம் வசனத்தை மட்டும் வாசித்தார். நீங்கள் அம்மாவோடு அமர்ந்து 118ஆம் சங்கீதம் முழுவதையும், அதில் உள்ள 29 வசனங்களையும், அவசரமின்றி வாசியுங்கள்.

அதில் பேசுகிறவன் நோயாளி அல்லன். ஜாதிகளெல்லாம், அதாவது அந்நிய நாட்டாரெல்லாம், தன்னை வளைந்துகொண்டதாகவும், கர்த்தருடைய நாமத்தினால் அவர்களை வென்றதாகவும் 10 முதல் 12 வரையுள்ள வசனங்களில் சொல்லுகிறவன் அவன். போரில் தப்பிப் பிழைத்து, நன்றி செலுத்துவதற்காக ஆலய வாசலில் வந்து நின்று, வாசல்களைத் திறக்கும்படி 19ஆம் வசனத்தில் கேட்கிறான். "சாவாமல் பிழைத்திருந்து" என்பது நடந்து முடிந்த மீட்புக்கு அவன் செலுத்தும் துதி. அட்டையை எடுக்கிற ஒவ்வொருவரின் வீட்டிலும் அந்த ஆண்டு மரணம் வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

இன்னொன்றை நான் வெகுகாலம் கவனிக்காமலேயே இருந்தேன். 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களை யூதர்கள் பஸ்கா விருந்தில் பாடுவது வழக்கம். கடைசி இராப்போஜனத்துக்குப் பின் ஆண்டவரும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று மத்தேயு 26:30 சொல்லும் பாட்டு இந்தச் சங்கீதங்களே என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால், "நான் சாவாமல்" என்று பாடிய வாயோடு ஆண்டவர் கெத்செமனேக்குப் போய், மறுநாள் சிலுவையில் மரித்தார். அவரிடம் எந்த விசுவாசக் குறைவைக் கண்டுபிடிப்பார் அந்தப் பிரசங்கியார்? வீடுகட்டுகிறவர்கள் தள்ளின கல்லைப் பற்றிய வசனமும், குருத்தோலை ஞாயிறன்று நாம் பாடும் ஓசன்னாவும் இதே சங்கீதத்தில்தான் இருக்கின்றன என்பதை அம்மாவுக்குக் காட்டுங்கள். அவருக்கு அவை நன்கு பழகியவை.

புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கும் இந்த 17ஆம் வசனம் மிகவும் பிரியமானது. 1530இல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது அதை இசைக்குறிப்போடு சுவரில் எழுதி வைத்திருந்தார். அதே கோட்டையில் இருந்த நாட்களில்தான் தம் தகப்பனார் இறந்த செய்தி அவருக்கு வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார். வசனத்தையும் அவர் விடவில்லை, அழுகையையும் அடக்கவில்லை.

மருத்துவமனைக்குப் போனது அவிசுவாசம் என்ற பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. எங்கள் நெய்யூரில் 1838இலேயே லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் மலைப் பயணங்களில் பங்குகொண்ட சாமர்வெல் பிற்பாடு அறுவை மருத்துவராக வந்து உழைத்ததும் இங்கேதான். ஆலயத்தையும் ஆஸ்பத்திரியையும் ஒரே கையால் கட்டியவர்களிடம் சுவிசேஷம் கேட்ட மாவட்டம் இது.

திங்கள்நகர்_போதகர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். விசுவாசக் குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் ஒரு வேதப் பகுதியைச் சேர்க்க விரும்புகிறேன். எபேசுவில் பவுலின் உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுவந்து வியாதிக்காரர்மேல் போட, அவர்கள் குணமானதாக அப்போஸ்தலர் 19:12 சொல்லுகிறது. அதே எபேசு பட்டணத்தானாகிய துரோப்பீமு பவுலின் உடன் ஊழியன். அவனைப் பற்றிப் பவுல் கடைசியாக எழுதியது, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்பதே (2 தீமோத்தேயு 4:20). அதில் கண்டனமும் இல்லை, விளக்கமும் இல்லை. கர்த்தரிடமிருந்து நேரடியாகவே பதினைந்து ஆண்டுகள் கூடுதலாகப் பெற்ற எசேக்கியா ராஜாவும் அந்த ஆண்டுகள் முடிந்தபோது மரித்தான்.

அட்டைகளைப் பற்றி. திருவசனத்தைச் சீட்டுப்போட்டு எடுக்கும் பழக்கம் மொரேவிய சபையார் என்ற பழைய புரொட்டஸ்டண்ட் சபையாரிடம் பழமையானது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் எடுக்கப்படும் அந்த வசனங்கள் 1731 முதல் ஆண்டு தவறாமல் அச்சாகி வருகின்றன. ஆனால் அங்கே எடுக்கப்படும் வசனம் ஒவ்வொரு நாளுக்கும் உரியது, சபை முழுவதற்கும் பொதுவானது. பழைய ஏற்பாட்டு வசனத்தோடு புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றும் சேர்ந்தே வரும். நம்முடைய அட்டையோ தனி ஆளுக்கு, ஓர் ஆண்டுக்கு, ஒற்றை வசனமாக வருகிறது. ஜாதகக் குறிப்பைப் போல அதை வாசிக்கும் சோதனை அங்கேதான் தொடங்குகிறது. அட்டைக்கு வசனம் தெரிவு செய்கிறவர்களும் நாமே அல்லவா? "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று தொடங்கும் அட்டையை நான் இதுவரை எந்தச் சபையிலும் கண்டதில்லை. ஆனால் அதுவும் ஆண்டவர் கொடுத்த வாக்குத்தான்.

அட்டைகளில் மிகுதியாக வரும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள்; கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்னும் வசனம் அது. அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்நியப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. அதை வாசிக்கக் கேட்டவர்களில் முதியவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன், 28ஆம் அதிகாரத்தில் வரும் கள்ளத் தீர்க்கதரிசி அனனியா. இந்த இரண்டு அதிகாரங்களையும் நான் சபையில் சேர்த்துப் பிரசங்கித்தபோது, சிலர் ஆலய வாசலிலேயே என்னை நிறுத்தி, தங்கள் வசனத்தைப் பிடுங்கிக்கொண்டேன் என்றார்கள்!

எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) வழக்கத்தை நிறுத்தவில்லை, மாற்றினோம். சபை முழுவதற்கும் ஒரே வசனம். அட்டையின் பின்புறத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்கள். ஜனவரி மாத ஞாயிறுகளில் அந்த அதிகாரத்திலிருந்தே பிரசங்கம். முதல் ஆண்டு முணுமுணுப்பு இருந்தது. இப்போது கேட்பதில்லை.

கருங்கல்_சகோதரி எழுதியது:

நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். நோயாளிகளுக்காகக் கைகளை வைத்து ஜெபிக்கிறோம், சுகம் பெற்றவர்களையும் கண்டிருக்கிறேன். அதனால்தான் சொல்லுகிறேன்: நீங்கள் சொல்லுகிற பிரசங்கியார் செய்தது விசுவாச ஊழியம் அல்ல. பிழைப்பார் என்று அறிக்கை செய்தவர் அவர். அது நடக்காதபோது பழியை விதவையின் தலையில் இறக்கி வைத்தவரும் அவரே. ஒருவன் கர்த்தரின் நாமத்தினால் சொன்னது நடக்காவிட்டால் கணக்குக் கொடுக்க வேண்டியவன் சொன்னவனே, கேட்டவர்கள் அல்லர் என்று உபாகமம் 18:22 தெளிவாகச் சொல்லுகிறது.

போதகர் ஐயாவிடம் மரியாதையோடு ஒரு மாறுபாடு. அட்டை எடுப்பவர் எல்லோரும் ஜாதகம் பார்ப்பதுபோல் எடுப்பதில்லை. வேதாகமத்தைத் தொடர்ச்சியாக வாசிக்கத் தெரியாத என் பாட்டிக்கு, ஆண்டுக்கு ஒன்றாக மனப்பாடம் செய்த அட்டை வசனங்களே வேதாகமமாக இருந்தன. வழக்கத்தைக் கமிட்டி பேசித் தீர்க்கட்டும். குலசேகரம் அண்ணன், சுவரில் இருக்கிற அட்டையை மட்டும் நீங்களாகவே கழற்றிவிடாதீர்கள். அதை என்ன செய்வது என்று அம்மா முடிவு செய்யட்டும். தனியாகப் பாடம் நடத்தவும் போகாதீர்கள். பெண்கள் ஐக்கியத்தில் கணவரை இழந்த ஒருவரை அழைத்து வந்து அம்மாவோடு உட்கார வையுங்கள். என் அனுபவத்தில் விளக்கம் அதற்குப் பிறகுதான் காதில் ஏறும்.

குலசேகரம்_வாசகன் பதில்:

மூவருக்கும் நன்றி. சகோதரி சொன்னதையே முதலில் செய்தேன். சென்ற ஆண்டு கணவரை அடக்கம் செய்த பக்கத்து வீட்டு அம்மையார் வந்து, இரண்டு மணி நேரம் இருந்தார். வசனத்தைப் பற்றி இருவரும் பேசியதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் மருத்துவமனைச் செலவைப் பற்றியும், காலையில் எழுந்தவுடன் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டுவிடும் பழக்கத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று இரவு 118ஆம் சங்கீதத்தை நான் வாசிக்க அம்மா கேட்டார். ஒலிவமலைக்குப் போவதற்கு முன் ஆண்டவர் இதைப் பாடியிருக்கக்கூடும் என்று சொன்னதும், "அவரும் இதைப் பாடிவிட்டா போனார்?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, அந்தப் பிரசங்கியாரை இனி வீட்டு ஜெபத்துக்கு அழைக்க வேண்டாம் என்றார். அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. கமிட்டிக் கூட்டம் அடுத்த மாதம். போதகர் ஐயா, உங்கள் சேகரத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று கிடைத்தால் மாதிரிக்காக எடுத்துச் செல்வேன்.