கிருத்திகையும் அம்மாவின் தலைசுற்றலும்: டைரியால் எனக்குக் கிடைத்தது

டைரி எழுதி என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் காட்பாடி. அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் அவருக்கு அவ்வப்போது தலைசுற்றல், கை நடுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. மற்ற நாட்களில் ஒன்றும் இருக்காது. டாக்டர் "எப்பப்ப வருது?" என்று கேட்டதற்கு அம்மா "அடிக்கடி" என்றார், தம்பி "எப்பவாவதுதான்" என்றான்.

நான் ராத்திரி படுக்கும் முன் நாலு வரி எழுதுகிறவன். பழைய பக்கங்களைப் புரட்டி, அம்மாவுக்கு முடியவில்லை என்று எழுதியிருந்த தேதிகளை எல்லாம் ஒரு தாளில் எடுத்தேன். மாதக் காலண்டரோடு அதை ஒத்துப் பார்த்த என் மனைவிதான் "இது எல்லாமே கிருத்திகைங்க" என்றாள். கிருத்திகை தவறாமல் அம்மா ரத்தினகிரி முருகனைப் பார்க்கப் போவார், மதியம் வரை விரதம், ஆனால் மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடும் என்று டாக்டர் விளக்கி, விரத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். 27 நாளுக்கு ஒரு முறை வருகிற நட்சத்திரம், கிழமையும் மாறும் தேதியும் மாறும், எழுதி வைக்காமல் அது யாருக்குப் பிடிபடும்?

அதனால்தான் மனசில் இருப்பதை மட்டும் எழுதினால் போதாது என்கிறேன். யார் வந்தார்கள், என்ன விலை, யாருக்கு உடம்பு சரியில்லை, இதெல்லாம் வேண்டும். புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை அப்படித்தான் எழுதினார். நம் ஆற்காட்டு நவாப் பதவிக்கு அடிதடி நடந்த காலம் அது. அந்த அரசியலோடு கப்பல் வந்ததையும் சரக்கு விற்றதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

அப்புறம் இன்னொன்று. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது சின்ன மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பாலாறு என்றாலே மணல்தான் என்று நினைத்திருந்தவள், "இந்தத் தண்ணிய யாருப்பா தொறந்து விட்டாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு அது நினைவில்லை, எனக்குமே மறந்துபோயிருந்தது. போன மாதம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தேன், பாட்டி வந்தார்களா என்று விடாமல் கேட்டாள். அது எதையும் நான் எழுதி வைக்கவில்லை. இப்போது நாலு வரி எட்டு வரியாகிவிட்டது.