ஃபோல்சோமியா கேண்டிடா: ஒரு இனமா, இரண்டா?

தகடும் லென்ஸும்:
ஸ்பிரிங்டெயில்கள், அதாவது வயிற்றடிக் கவையால் துள்ளும் மண்வாழ் சிற்றுயிர்களில், ஆய்வகத்தின் செல்லப்பிள்ளை ஃபோல்சோமியா கேண்டிடா. அதன் டிஎன்ஏ இரண்டு கிளையாகப் பிரிவதால் ஒன்றுக்குப் புதுப்பெயர் வைக்க வேண்டும் என்று வேர்நுனி எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து, துள்ளும் கவை மேலே தெரியும்படி மல்லாத்தி, கவையின் அடிப்பகுதி மயிர்களை எண்ணியவன் நான். இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. இரண்டுக்கும் கண் கிடையாது. எதை வைத்துப் பிரித்துச் சொல்வது?

வேர்நுனி:
மயிரில் இல்லாவிட்டால் வித்தியாசமே இல்லையா? முட்டையிடும் விதத்தில் இருக்கிறதே! மண் நச்சுச் சோதனையில் 28 நாள் கழித்துக் குஞ்சுகளைத்தான் எண்ணுகிறோம். ஒருவர் ஒரு கிளையையும் இன்னொருவர் மற்றதையும் வளர்த்துவிட்டு, ஒரே பெயரில் முடிவுகளை ஒப்பிட்டால் எப்படி?

தகடும் லென்ஸும்:
அதற்கு எந்த வளர்ப்பிலிருந்து எடுத்தது என்று எழுதினால் போதும், புதுப்பெயர் எதற்கு? பெரும்பாலும் ஆணே இல்லாமல் பெருகும் பூச்சி இது, வோல்பாக்கியா பாக்டீரியாவின் கைங்கரியம். ஒரே இனமா என்று பார்க்க, இணைசேர்கிறதா என்ற சோதனைக்கே வழியில்லை. இன்று இரண்டு என்பீர்கள், நாளை ஒவ்வொரு தாய்வழிக்கும் ஒரு பெயரா?

வேர்நுனி:
அது மிகை. நான் கேட்பது நெடுங்காலம் முன்பே பிரிந்த இரண்டு கிளைகளுக்கு மட்டும்.

பழைய ஏடு:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிரித்தால் ‘கேண்டிடா’ எந்தக் கிளைக்குப் போகும்? வில்லெம் 1902இல் பெயர் வைத்தது பெல்ஜியத்தின் ஹான், ரோஷ்ஃபோர் குகைப் பூச்சிகளை ஆராய்ந்தபோது. பெயர் வகைமாதிரியோடு, அதாவது பெயருக்கு அடையாளமாக நிற்கும் மூல மாதிரியோடு, ஒட்டியது, நம் ஆய்வக டப்பாவோடு அல்ல. பேரினம் மாறுவது இவ்வளவு சிக்கலில்லை: லின்னேயஸ் 1758இல் போடுரா என்ற பேரினத்தில் வைத்த ஃபைமெட்டேரியா என்ற இனம் இன்று ஃபோல்சோமியாவில் இருக்கிறது, அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போனதோடு சரி.

வேர்நுனி:
அப்படியானால் அதே குகையில் புதிதாகப் பிடித்து டிஎன்ஏ பார்ப்போம்.

தகடும் லென்ஸும்:
அங்கே இரண்டு கிளையும் கலந்து கிடந்தால்?

பழைய ஏடு:
கிடக்கலாம். மூல மாதிரி தொலைந்திருந்தால் புதிய மாதிரி ஒன்றை நியமிக்க விதி இடம் தருகிறது, தேவையில்லாமல் சும்மா நியமிக்கத் தராது. முதலில் வில்லெமின் மாதிரிகள் இருக்கும் கண்ணாடித் தகடுகள் எங்கே என்று தேடுங்கள்.

வேர்நுனி:
சரி, அருங்காட்சியகங்களுக்கு எழுதிக் கேட்கிறேன். அதுவரை என் கட்டுரையில் ‘கிளை 1’, ‘கிளை 2’ என்றே போடுகிறேன்.

தகடும் லென்ஸும்:
அதைத்தானே நானும் சொன்னேன்!