இன்ஜெக்ஷன் மோல்டிங்கை "வார்ப்பு" எனலாமா?

கையேட்டுத் தொகுப்பாளர்:
வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் பிளாஸ்டிக் உருவாக்க அதிகாரம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். இன்ஜெக்ஷன் மோல்டிங், எக்ஸ்ட்ரூஷன், புளோ மோல்டிங் மூன்றுக்கும் முறையே உட்செலுத்து வார்ப்பு, பிதுக்கம், ஊது வார்ப்பு என்று இட்டிருக்கிறேன். மறுப்பு உண்டா?

அச்சுக்கருவிப் பயிற்றுநர்:
"வார்ப்பு" வேண்டாம் ஐயா. வார்த்தல் என்றால் ஊற்றுதல். தோசை வார்க்கிறோம், சுவாமிமலையில் ஐம்பொன் வார்க்கிறார்கள். அங்கே உருகியது தன் எடையாலேயே இறங்கி நிரம்பும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கோ 200 முதல் 250 பாகை செல்சியசில்கூடத் தேனைவிடக் கெட்டி. திருகு நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் அச்சுக்குள் தள்ளினால்தான் மூலைவரை போகும். நிரம்பிய பிறகும் பிடியழுத்தம் வேண்டும், ஏனென்றால் ஆறும்போது 1 முதல் 2.5 விழுக்காடு சுருங்கும். அச்சின் நுழைவாயில் பிளாஸ்டிக் உறையும் முன்பே அழுத்தத்தை விட்டால் தடித்த இடங்களில் மேற்பரப்பு குழிந்துவிடும். "வார்ப்பு" என்று படித்த மாணவர் இந்தக் குழிக்குக் காரணம் தேடும்போது பிடியழுத்தத்தை நினைக்கவே மாட்டார். தவிர, அச்சில் பிசினை ஊற்றி இறுகவைக்கும் முறைக்கு வார்ப்பு என்ற சொல் தேவை. நான் சொல்வது: செலுத்தச்சு.

தமிழாசிரியர்:
புணர்ச்சி சரி. ஆனால் செலுத்தச்சு கருவியைக் குறிக்கிறது, தொழிலை அல்ல, செலுத்தச்சாக்கம் என்க. அச்சு என்பதே எனக்கு உறுத்தல். குறள் 475இல் "அச்சிறும்" என்பது வண்டியின் அச்சு. அது வடமொழி அக்ஷத்திலிருந்து வந்தது என்பார் உண்டு. உருக்கொடுக்கும் அச்சுக்கும் அதற்கும் உறவு உண்டா என்பது தனி வழக்கு. அகராதியில் "கரு" என்பதற்கும் வார்க்கும் அச்சு என்ற பொருள் உள்ளது. கருவாக்கம் எனலாமே?

பயிற்றுநர்:
அம்மா, இந்த அச்சுக்கு இரண்டு பாதி. வெளியே சூழ்வது கேவிட்டி, உள்ளே துருத்துவது கோர். கருவை கோருக்கு வைத்திருக்கிறேன், எடுத்துவிடாதீர்கள்.

குழாய் ஆலைப் பொறியாளர்:
எக்ஸ்ட்ரூஷனுக்கு "பிழிவு" போதும். முறுக்குக் குழலும் இடியாப்ப உரலும் செய்வது அதுதான். துளையின் வடிவம் எதுவோ அதுவே நீளமாக, நிற்காமல் வரும். குழாய், கம்பியுறை, சன்னல் சட்டம் எல்லாம் இப்படித்தான்.

தமிழாசிரியர்:
பிழிந்தால் சாறு வரும், சக்கை நிற்கும். இங்கே சக்கை எங்கே?

பொறியாளர்:
முறுக்கு பிழிகையில் எந்தச் சக்கை நின்றது அம்மா? "பிதுக்கம்" ஆகாது என்பதற்கு வலுவான காரணம் வேறு. அச்சின் இரு பாதி சரியாக இறுகாவிட்டால், அல்லது அழுத்தம் மிகுந்தால், இணைப்புக் கோட்டில் பிளாஸ்டிக் பிதுங்கி மெல்லிய இதழாக நிற்கும். அந்தக் குறைக்குப் பிதுங்கல் என்று பெயர் வைப்போம்.

பயிற்றுநர்:
அதைப் பட்டறையில் பிசிறு என்கிறோம். ஆனால் துளைவாயை விட்டு வந்ததும் உருகல் தடிக்கிறதே, அதற்குப் பிதுக்கம் பொருந்தும். இழுவை வேகத்தைக் கூட்டித்தான் அளவுக்குக் கொண்டுவருகிறோம்.

தொகுப்பாளர்:
புட்டி செய்யும் புளோ மோல்டிங்குக்கு?

பொறியாளர்:
ஒரே சொல் போதாது. எண்ணெய் கேன் என்றால், பிழிந்து தொங்கும் சூடான குழாயை அச்சு கவ்வும், உள்ளே காற்று ஊதும். குழாய் தன் எடையால் இழுபட்டால் மேல்பக்கச் சுவர் மெலியும். குடிநீர்ப் புட்டிக்கு, பெட் (PET) என்ற பிளாஸ்டிக் பிசினை நன்றாக உலர்த்தி, முதலில் செலுத்தச்சில் தடித்த முன்வடிவம் செய்வார்கள். அதை ஏறத்தாழ 100 பாகைக்கு மீண்டும் சூடேற்றி, கோலால் நீட்டி ஊதுவார்கள். ஆகவே பிழிந்தூதல், செலுத்தியூதல்.

தமிழாசிரியர்:
இரண்டும் அழகு. தனியே எழுதினால் "ஊது அச்சு" என்க. ஊதுபத்தி போல வினைத்தொகைதான். ஊதல் அச்சு என்று நீட்ட வேண்டாம்.

தொகுப்பாளர்:
பிழிவு, செலுத்தச்சாக்கம், பிழிந்தூதல், செலுத்தியூதல் என்று போடுகிறேன். முதல்முறை வருமிடத்தில் மோல்டிங் என்ற வழக்குச் சொல்லும் உடன் இருக்கும்.

பயிற்றுநர்:
செலுத்தச்சு போதும், "ஆக்கம்" நாக்கில் நிற்காது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அத்துடன், மூடிய மோல்டையும், பிழிவில் உருகல் வெளிவரும் திறந்த டையையும், இரண்டையும் அச்சு என்றே எழுதியிருக்கிறீர்கள், ஐயா. டைக்கு "துளைவாய்" என்று மாற்றுங்கள். வெள்ளிக்கு முன் முடியும்.